மாலை நான்கு மணி வரை கதவைத் தட்டாதீர்கள்

1925 கோடையில் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வினுக்கு 26 வயது. முந்தைய ஆண்டு ‘ராப்சடி இன் ப்ளூ’ என்ற அவருடைய ஜாஸ் கலந்த படைப்பு அரங்கேறியதிலிருந்து அமெரிக்காவே அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் நியூயார்க் சிம்பொனியின் நடத்துநர் வால்ட்டர் டாம்ராஷ், தன் இசைக்குழுவுக்கு ஒரு முழு பியானோ கான்செர்டோ, அதாவது தனிப் பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு, எழுதித் தரும்படி கேட்டார். கெர்ஷ்வினும் சரி என்று சொல்லிவிட்டார். அரங்கேற்றம் டிசம்பரில், கார்னகி ஹாலில். ஆனால் நியூயார்க்கில் உட்கார்ந்து எழுத வழியில்லை. வருவோர் போவோர், நண்பர்கள், பாட்டு, அரட்டை என்று சத்திரம் மாதிரி ஒரு வாழ்க்கை.

அப்போது அவருக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுத்தவர் எர்னெஸ்ட் ஹட்சிசன் என்ற ஆஸ்திரேலியர். நியூயார்க் மாநிலத்தின் மேற்கு மூலையில் ஷட்டாக்வா என்ற ஏரிக்கரை ஊர் இருக்கிறது. அங்கே கோடைதோறும் நடக்கும் இசைப் பள்ளியில் பியானோ பிரிவுக்கு ஹட்சிசன்தான் தலைவர். மாணவர்கள் சாதகம் செய்வதற்கென்று இருந்த சிறு குடில்களில் ஒன்றை அவர் கெர்ஷ்வினுக்கு ஒதுக்கினார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார்: மாலை நான்கு மணி வரை அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. நான்கு மணி ஆனதும் மாணவர்கள் கூட்டமாகப் போய் மொய்த்துக்கொள்வார்கள். கெர்ஷ்வினும் சலிக்காமல் தன் பாட்டுகளை வாசித்துப் பாடிக் காட்டுவார். அந்த ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, கெர்ஷ்வினே பியானோவில் உட்கார, ‘கான்செர்டோ இன் எஃப்’ கார்னகி ஹாலில் அரங்கேறியது.

இன்று ஹட்சிசன் பெயர் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஒரு சம்பவத்தை வைத்துத்தான். இன்னொருவர் வாழ்க்கை வரலாற்றில் அரைப் பக்கம். ஜெர்மனியின் லைப்சிக்கில் படித்து, ஒரே இரவில் மூன்று கான்செர்டோ வாசித்து, நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப் பள்ளிக்கே தலைவராக இருந்த மனிதருக்கு இது அநியாயம் என்றுதான் முதலில் எனக்குப் பட்டது. ஆனால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால் அந்த அரைப் பக்கம் தற்செயலாக வந்ததல்ல என்று தெரிகிறது. வாசிக்கிறவனுக்கு முதலில் வேண்டியது யாரும் குறுக்கிடாத நேரம். அந்த நேரத்தை மற்றவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுப்பதைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் செய்தார்.

ஹட்சிசன் பிறந்தது 1871 ஜூலை 20, மெல்பர்னில். தங்கம் கிடைத்துக் கொழித்த நகரம் அது. காசு வந்த வீட்டில் அடுத்து வந்து இறங்கியது பியானோ. 1888-ல் மெல்பர்னுக்கு வந்துபோன ஆஸ்கார் கொமெத்தாங் என்ற பிரெஞ்சுக்காரர், ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு ஏழு லட்சம் பியானோ இறங்கியிருப்பதாக எழுதினார். ஒரு கண்டத்தின் மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்தைச் சுற்றி இருந்த காலத்தில் ஏழு லட்சம் பியானோ என்பது நம்பக்கூடிய கணக்காக எனக்குப் படவில்லை. ஆனாலும் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டது என்கிற அளவில் எடுத்துக்கொள்ளலாம்.

பியானோ இருந்தது, சரி. பள்ளிக்கூடம்? அதுதான் இல்லை. மெல்பர்ன் பல்கலைக்கழகத்துக்கு இசைப் பேராசிரியர் வந்தது 1891-ல், இசைக் கல்லூரி தொடங்கியது 1895-ல். சிட்னி இசைக் கல்லூரி பிறந்ததோ 1915-ல். ஆக, 1870-களில் பிறந்த ஒரு மேதைக் குழந்தை மெல்பர்னில் என்ன செய்ய முடியும்? ஐந்து வயதிலேயே மேடை ஏறலாம், ஊர் ஊராகப் போய் வாசிக்கலாம், பெரியவர்கள் கன்னத்தைக் கிள்ளலாம். அவ்வளவுதான். சின்ன ஹட்சிசனும் அதைத்தான் செய்தார். அப்புறம் ஓர் அதிர்ஷ்டம். டிரான்சில்வேனியாவில் பிறந்த மேக்ஸ் வோக்ரிச் என்ற பியானோ கலைஞர் கச்சேரிப் பயணமாக வந்தவர், 1880-களின் முதல் பாதியில் சில ஆண்டுகள் ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டார். பையன் அவரிடம் கற்றுக்கொண்டான். அந்த வோக்ரிச்சே லைப்சிக்கில் படித்தவர். எனவே அடுத்த வழி எது என்பதில் சந்தேகமில்லை. 14 வயதில் ஹட்சிசனைக் கப்பலேற்றி லைப்சிக்குக்கு அனுப்பினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. அவர் கிளம்பிப் போய்ச் சில ஆண்டுகள்கூட ஆகவில்லை. 1888-ல் ஆஸ்திரேலியக் குடியேற்றத்தின் நூற்றாண்டுக் கண்காட்சியை மெல்பர்ன் நடத்தியது. அதில் இசை நடத்த லண்டனிலிருந்து ஃபிரெடெரிக் கோவன் என்பவரை வரவழைத்து ஆறு மாதத்துக்கு ஐயாயிரம் பவுண்டு கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அது மலைக்கவைக்கும் தொகை. வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டிவரக் காசு இருந்தது, சொந்தப் பிள்ளையை உள்ளூரில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இல்லை. இந்த நிலை சீக்கிரம் மாறவும் இல்லை. பன்னிரண்டு வயது பியானோ மேதை பெர்சி கிரெய்ஞ்சர் 1895-ல் மெல்பர்னிலிருந்து ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டுக்குப் போனார். ஐலீன் ஜாய்ஸ் என்ற பியானோ கலைஞர் மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்க ஊரிலிருந்து 1920-களின் கடைசியில் அதே லைப்சிக்குக்குப் போனார். ஊர் விட்டுப் போனால்தான் வித்தை என்பது அங்கே எழுதாத சட்டமாகவே இருந்தது.

லைப்சிக் இசைக் கல்லூரியை 1843-ல் தொடங்கியவர் இசையமைப்பாளர் மெண்டல்சோன். ஹட்சிசன் போன காலத்தில் அங்கே பெரிய கை கார்ல் ரைனக்கே. கெவாண்ட்ஹவுஸ் இசைக்குழுவை நடத்துபவரும் அவரே. மோட்சார்ட், பீத்தோவன், ஷூமன் என்று வகுத்த கோட்டைத் தாண்டாத மனிதர். புதுமை பிடிக்காது, ஆர்ப்பாட்டம் பிடிக்காது. உலகம் முழுக்க இருந்து பிள்ளைகள் வந்து குவிந்த கல்லூரி என்பதால் பாடம் பெரும்பாலும் கூட்டமாகத்தான் நடந்தது. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இதைப் பலர் குறையாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கென்னவோ, அடுத்தவன் தப்பை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் பின்னாளில் ஆசிரியராகும் யோகம் அதிகம் என்று படுகிறது. ஹட்சிசன் அங்கே ரைனக்கேயிடமும் புரூனோ ஸ்வின்ட்ஷரிடமும் படித்து 1890-ல் வெளியே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. லைப்சிக் பட்டத்தோடு நிற்காமல் வைமாருக்குப் போய் பெர்ன்ஹார்ட் ஷ்டாவென்ஹாகனிடம் சேர்ந்தார். ஷ்டாவென்ஹாகன், பியானோ மேதை லிஸ்ட்டின் கடைசிச் சீடர்களில் ஒருவர். 1886-ல் லிஸ்ட்டை அடக்கம் செய்தபோது கல்லறையருகே நின்று பேசியவர். லைப்சிக்கும் வைமாரும் தூரத்தில் பக்கம், சிந்தனையில் எதிரெதிர். லைப்சிக் என்றால் ஒழுங்கு, அளவு, பழைய இலக்கணம். வைமார் என்றால் லிஸ்ட், வாக்னர், பியானோவையே இசைக்குழுவாக்கும் துணிச்சல். கர்நாடக சங்கீதத்தில் பாடாந்தரம் என்று சொல்வோமே, எந்த வீட்டில் கற்றார் என்பது பாட்டிலேயே தெரிந்துவிடும் என்று. பியானோவிலும் அப்படி உண்டு. ஹட்சிசன் இரண்டு வீட்டுச் சோற்றையும் சாப்பிட்டவர். பின்னாளில் வாக்னரின் ‘வால்கிரிகளின் சவாரி’யைத் தனிப் பியானோவுக்கு அவர் மாற்றி எழுதினார். இசைக்குழுவின் மொத்த இரைச்சலையும் பத்து விரலில் அடக்குகிற அந்த வேலை வைமார் ரகம். ஆனால் பாடம் சொல்லிக்கொடுக்கிறவராக அவர் கட்டிய ஒழுங்கைப் பார்த்தால் லைப்சிக் வாசனைதான் அடிக்கிறது.

கச்சேரிக் கலைஞராக ஜெர்மனியிலும் பிற இடங்களிலும் வாசித்துக்கொண்டிருந்தவர், 1900-ல் அமெரிக்கா போனார். பால்டிமோர் நகரத்தின் பீபாடி இசைக் கல்லூரியில் பியானோ பிரிவுத் தலைவர் வேலை. 12 ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தக் காலத்து அமெரிக்காவில் இது சாதாரண விஷயமல்ல. பியானோ வித்தை வேண்டுமென்றால் பெர்லினுக்கோ வியன்னாவுக்கோ போ என்பதுதான் அமெரிக்கப் பிள்ளைகளுக்கும் சொல்லப்பட்ட அறிவுரை. ஆஸ்திரேலியப் பிள்ளைகளின் நிலைமைதான் அவர்களுக்கும். பீபாடி மாதிரி சில இடங்கள்தான் அந்த ஓட்டத்தைக் கொஞ்சம் தடுத்து நிறுத்தப் பார்த்தன. அங்கே இருந்தபோதுதான் 1907-ல் பியானோ நுட்பம் பற்றிய தன் முதல் புத்தகத்தை எழுதினார். 1910-ல், ரிச்சர்ட் ஷ்ட்ராஸின் ‘எலெக்ட்ரா’ ஓபரா (பாட்டாகவே நடக்கும் இசை நாடகம்) நியூயார்க்கில் முதல்முறை மேடையேறிய ஆண்டில், அதற்கு ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டார். காது கிழிகிறது என்று பலர் அலறிய ஓபரா அது. அதை உட்கார்ந்து அலசி, இன்ன இடத்தில் இன்ன கருப்பொருள் வருகிறது என்று கேட்பவருக்குச் சொல்லித் தருகிற ஆள், ஜாஸ் எழுதுகிற பையனுக்குக் குடில் கொடுத்ததில் ஆச்சரியம் என்ன?

1912-ல் பீபாடியை விட்டு பெர்லினுக்குத் திரும்பினார். இரண்டு ஆண்டில் உலகப் போர் வெடித்தது. மறுபடி அமெரிக்கா, இந்த முறை நியூயார்க். கிரெய்ஞ்சரும் அதே 1914-ல்தான் அமெரிக்கா வந்து சேர்ந்தார் என்பது ஒரு பொருத்தம். ஒரே ஊரில் பிறந்த இரண்டு பியானோ கலைஞர்களை ஐரோப்பியப் போர் ஒரே கரையில் ஒதுக்கியது. ஆனால் இருவருக்கும் குணம் வடக்கும் தெற்கும். கிரெய்ஞ்சர் போகுமிடமெல்லாம் பேச்சு கிளப்புகிறவர். தன் வாழ்க்கைக்கென்று மெல்பர்னில் ஒரு அருங்காட்சியகத்தையே கட்டிக்கொண்டார். ஹட்சிசன் அந்த ஜாதியே இல்லை.

ஆனாலும் அவருக்கும் மேடையில் ஒரு துணிச்சல் காட்டும் ஆசை இருந்தது. 1915-ல் நியூயார்க்கில் ஒரே மாலையில் சைகாவ்ஸ்கி, லிஸ்ட், மக்டவல் ஆகிய மூவரின் கான்செர்டோக்களை அடுத்தடுத்து வாசித்தார். 1919-ல் அதையே பீத்தோவனை வைத்துச் செய்தார்: ஒரே இரவில் மூன்று கான்செர்டோ.  கான்செர்டோக்களில் பெரும்பாலானவை அரை மணி நேரத்தைத் தொடும், பீத்தோவன் அதைத் தாண்டுவார். ஒரு கச்சேரியில் ஒன்று வாசித்துவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டு, அறைக்குப் போய் உட்கார்வதுதான் வழக்கம். மூன்றையும் நினைவிலிருந்து, ஒவ்வொன்றிலும் இசைக்குழு எங்கே விட்டுக்கொடுக்கும், எங்கே பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு தப்பாமல் வாசிக்க விரல் மட்டும் போதாது. ஒரு ஓட்டக்காரன் மூன்று பந்தயத்தை ஒரே நாளில் ஓடுவது மாதிரி. நியூயார்க் பேசியது. ஆனால் இரண்டு முறையும் இந்த வித்தையைக் காட்டியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. பெயர் வாங்கத் துடிக்கிற இளைஞன் செய்யும் காரியமாக இதை நான் பார்க்கவில்லை. வகுப்பில் சொல்வதை ஒரு வாத்தியார் மேடையில் செய்து காட்டிய மாதிரி இருக்கிறது.

இதற்கிடையில் ஷட்டாக்வா. 1874-ல் மெதடிஸ்ட் கிறித்தவர்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தொடங்கிய முகாம் அது. சாராயம் கிடையாது, சொற்பொழிவு உண்டு, பிரார்த்தனை உண்டு. வருஷம் போகப்போக இசை, நாடகம், மொழி வகுப்பு என்று கோடைகாலப் பல்கலைக்கழகம் மாதிரி விரிந்துவிட்டது. ஹட்சிசன் 1911 வாக்கில் அங்கே பியானோ பிரிவைக் கையில் எடுத்தார். அப்புறம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதுதான் அவருடைய கோடை. நகரத்தில் பத்து மாடிக் கட்டடத்தில் பியானோ வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இங்கே மரத்தடியில் குடில், குடிலுக்குள் பியானோ, நாள் முழுக்க வாசித்தாலும் கேட்பது அணில்தான். கெர்ஷ்வின் வந்து தங்கியது இந்த ஏற்பாட்டுக்குள்ளேதான். அவருக்கென்று விசேஷமாக எதையும் கட்டவில்லை. மாணவர்களுக்கு இருந்த வசதியில் ஒரு பங்கு, கூடவே அந்த நான்கு மணிக் கட்டுப்பாடு.

கெர்ஷ்வினிடம் கேட்டு எழுத வைத்த வால்ட்டர் டாம்ராஷுக்கு ஒரு அண்ணன், ஃபிராங்க் டாம்ராஷ். 1905-ல் நியூயார்க்கில் இசைக் கலை நிறுவனம் என்ற பள்ளியைத் தொடங்கியவர் அவர். பணம் போட்டவர் ஜேம்ஸ் லோப். கிரேக்க, லத்தீன் இலக்கியங்களைப் பச்சை அட்டை, சிவப்பு அட்டைப் புத்தகங்களாக வெளியிடும் வரிசை இன்றும் அவர் பெயரில்தான் வருகிறது. அமெரிக்கப் பிள்ளைகள் ஐரோப்பா போக வேண்டியதில்லை என்ற நிலையை உண்டாக்குவதுதான் ஃபிராங்கின் நோக்கம். அப்புறம் 1919-ல் அகஸ்டஸ் ஜூலியார்டு என்ற ஜவுளி வியாபாரி இறந்தார். பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குப் பெற்றோர் வந்துகொண்டிருந்த கப்பலிலேயே பிறந்தவர். பிள்ளை குட்டி இல்லை. சொத்தின் பெரும் பகுதியை இசைக்கு எழுதி வைத்துவிட்டார். அந்தப் பணத்தில் 1924-ல் ஜூலியார்டு பட்டமேற்படிப்புப் பள்ளி பிறந்தது. முதல் கட்டடம் கிழக்கு 52-ம் தெருவில் வாண்டர்பில்ட் குடும்பத்தின் விருந்தினர் மாளிகை. தேறி வந்த மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது.

முதல் ஆண்டே அங்கே சேர்ந்த ஆசிரியர்களில் ஹட்சிசன் ஒருவர். கூட இருந்தவர்கள் யார் என்று பாருங்கள்: ரஷ்யாவிலிருந்து வந்த ஜோசப் லெவின், அவர் மனைவி ரோசினா லெவின், கிளாரா ஷூமனிடம் கற்ற கார்ல் ஃபிரீட்பெர்க், அப்புறம் ஓல்கா சமாரோஃப். கடைசிப் பெயரைப் பார்த்து அவரும் ரஷ்யர் என்று நினைக்க வேண்டாம். டெக்சாஸ் மாநிலத்துப் பெண். இயற்பெயர் லூசி ஹிக்கன்லூப்பர். அந்தப் பெயரோடு பியானோ வாசித்தால் அமெரிக்காவில் டிக்கெட் விற்காது என்று ரஷ்யப் பெயரை வைத்துக்கொண்டவர்! ஐரோப்பிய மோகம் எந்த அளவு இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. புதுப் பள்ளியில் வெளிநாட்டு ஆசிரியர்களே நிறைந்திருக்கிறார்கள் என்ற முணுமுணுப்பும் அதே அமெரிக்காவில் எழுந்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

1926-ல் டாம்ராஷின் பள்ளியும் ஜூலியார்டு பள்ளியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. வந்தன என்று எழுதுவது எளிது. ஒன்று கட்டணம் வாங்கி ஆரம்பப் பாடத்திலிருந்து சொல்லித்தருகிற பள்ளி. இன்னொன்று தேர்ந்தெடுத்த சிலருக்கு இலவசமாக மேல்பாடம். இரண்டுக்கும் தனித்தனிக் கௌரவம், தனித்தனி ஆசிரியர் கூட்டம். தலைவராக வந்த ஜான் எர்ஸ்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்து ஆங்கிலப் பேராசிரியர், நாவலாசிரியர். பியானோ அவருக்குப் பிரியமான பொழுதுபோக்கு, தொழில் அல்ல. வெளி உலகத்தோடு பேச நல்ல முகம். இசைப் பக்கத்தின் அன்றாடச் சுமையைத் தாங்க ஒரு ஆள் வேண்டும். ஹட்சிசன் டீன் ஆனார். எர்ஸ்கின் விலகிய 1937-ல் தலைவரும் ஆனார். 1945 வரை இருந்தார்.

இந்த எட்டு ஆண்டுகளைப் பற்றி நாடகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பொருளாதார மந்தத்தின் வால் பகுதி, அப்புறம் இரண்டாம் உலகப் போர். அவருக்கு அடுத்து 1945-ல் வந்த வில்லியம் ஷூமன், 35 வயது இசையமைப்பாளர், பாடத்திட்டத்தையே புரட்டிப் போட்டார், ஜூலியார்டு நால்வர் குழு என்ற தந்தி வாத்தியக் குழுவைத் தொடங்கினார், இரண்டு பள்ளிகளையும் ஒரே பள்ளியாக்கினார். வரலாற்றில் பெயர் வாங்கியவர் அவர்தான். வீட்டை இடித்துக் கட்டியவரைத்தான் ஊர் நினைவு வைத்திருக்கும். ஒழுகாமல் பார்த்துக்கொண்டவரை யார் நினைப்பார்கள்? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹட்சிசன் தலைவராக இருந்தபோதுதான், 1944 டிசம்பரில், ஜோசப் லெவின் இறந்தார். அதுவரை கணவரின் நிழலில் அவருடைய மாணவர்களைத் தயார் செய்துகொண்டிருந்த ரோசினா, அந்த வகுப்பைத் தன் பெயரில் எடுத்து நடத்தத் தொடங்கினார். 1958-ல் மாஸ்கோவில் முதல் சைகாவ்ஸ்கி போட்டியை வென்று அமெரிக்காவையே தெருவில் இறங்கிக் கொண்டாட வைத்த வான் கிளைபர்ன் அந்த ரோசினாவின் மாணவர். பெர்லினுக்குப் போ என்ற பழைய அறிவுரை அன்றோடு செத்தது. அதைப் பார்க்க ஹட்சிசன் இல்லை.

தலைவர் பதவியை விட்ட பிறகு, 1948-ல், தன் 77-வது வயதில் அவர் வெளியிட்ட பெரிய புத்தகம், பியானோவுக்கு என்று எழுதப்பட்ட இசை முழுவதற்குமான வழிகாட்டி. பியானோவுக்கு முன்னோடியான ஹார்ப்சிகார்டு என்ற வாத்தியத்துக்கு எழுதிய பழைய காலத்துப் பாடல்களிலிருந்து அவர் காலத்துப் புதியவர்கள் வரை, ஒவ்வொருவராக, எது வாசிக்கத் தக்கது, எது எப்படிப்பட்டது என்று. ஒரு ஆசிரியர் தன் அலமாரியைத் திறந்து வைத்து, இதை எடு, இது உனக்கு இப்போது வேண்டாம், இதை அவசியம் பார் என்று சொல்வது போன்ற புத்தகம். 1964-ல் ருடால்ஃப் கான்ஸ் என்ற இன்னொரு பியானோ கலைஞர் அதைத் திருத்திப் புதுக்கினார். இதற்கு முன் 1940-ல் வாக்னரின் நான்கு ஓபராக்கள் கொண்ட ‘நீபெலுங்கின் மோதிர’த்துக்கும் ஒரு வழிகாட்டி எழுதியிருந்தார். கெர்ஷ்வின், ஷ்ட்ராஸ், வாக்னர் என்று யாரிடம் போனாலும் கதவைத் திறந்து வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் அவர் வேலை.

மாணவர்களில் ஏப்ரம் செசின்ஸ் போன்ற பெயர் பெற்றவர்கள் உண்டு. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த மாணவர் கடைசியாக வந்தவர்களில் ஒருவர். 1945-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஜூலியார்டுக்கு 22 வயது இளைஞர் ஒருவர் வந்தார். விக்டோரியா மாநிலத்தில் கொரும்புரா என்ற ஊரில் பிறந்தவர். நிலக்கரியும் பால் பண்ணையும் உள்ள வட்டாரம். ஒரு மீட்டர் நீளம் வளரும் ராட்சத மண்புழுவுக்குப் பெயர் போன இடமும்கூட. இளைஞரின் பெயர் அப்போது லெனர்டு ஹங்கர்ஃபோர்டு. பின்னால் புரூஸ் ஹங்கர்ஃபோர்டு என்று மாற்றிக்கொண்டார். மெல்பர்னில் ராய் ஷெப்பர்டிடம் படித்தவர். ஷெப்பர்டு பாரிசில் கொர்த்தோ என்ற பெரிய பியானோ கலைஞரிடம் கற்றவர். அப்புறம் சிட்னியில் இக்னாஸ் ஃபிரீட்மனிடம் கொஞ்சம் பாடம். ஃபிரீட்மன் போலந்துக்காரர், ஷோப்பான் வாசிப்பில் பெரும் புள்ளி. போரின்போது ஆஸ்திரேலியாவுக்குக் கச்சேரிக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். ஹட்சிசனின் இளமையில் ஒரு வோக்ரிச், ஹங்கர்ஃபோர்டின் இளமையில் ஒரு ஃபிரீட்மன். தற்செயலாக ஒதுங்கிய ஐரோப்பியர் ஒருவர் கிடைத்தால்தான் பாடம் என்ற நிலை அறுபது ஆண்டு கழித்தும் முழுக்கப் போகவில்லை. ஆனால் கப்பல் போகும் திசை மாறியிருந்தது. லைப்சிக் குண்டு விழுந்து கிடந்தது. பிள்ளைகள் நியூயார்க்குக்கு வந்தார்கள். அங்கே வாசலில் நின்றவர் ஒரு மெல்பர்ன்காரர்.

ஹங்கர்ஃபோர்டு 1947 வரை ஹட்சிசனிடம் படித்தார். பிறகு ஃபிரீட்பெர்கிடம் பல ஆண்டுகள், இடையில் லண்டனில் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞரிடம். 1951 பிப்ரவரி 9-ம் தேதி ஹட்சிசன் நியூயார்க்கில் காலமானார். சீடர் அப்போது இன்னும் பெயர் வாங்கியிருக்கவில்லை. 1950-களின் கடைசியில் ஜெர்மனிக்குப் போய், பைரோய்ட்டில் வாக்னரின் பேத்தி ஃபிரீடலிண்ட் நடத்திய வகுப்புகளோடு இணைந்து வேலை செய்தார். வாக்னர் பியானோவுக்கு எழுதியதை முழுவதும் இசைத்தட்டில் பதிந்தார். வாக்னருக்கு வழிகாட்டி எழுதிய வாத்தியாரின் சீடருக்கு வாய்த்த வேலை. இதோடு எகிப்தின் பழங்கால நினைவுச் சின்னங்கள் மேல் அவருக்குத் தீராத ஆசை. கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் பிடித்து, படமும் குரலுமாக 17 பகுதிகள் கொண்ட ஒரு தொகுப்பே செய்தார். அப்புறம் அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளையும் படிக்கத் தொடங்கினார். ஒரே வேலையைக் கட்டிக்கொண்டு அழுவதுதான் பியானோ கலைஞனின் தலைவிதி என்று நினைப்பவர்கள் இவரைப் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் மேன்ஸ் இசைக் கல்லூரியில் 1972 முதல் அவரும் ஆசிரியர். வான்கார்டு இசைத்தட்டு நிறுவனத்துக்காக பீத்தோவன் தனிப் பியானோவுக்கு எழுதிய 32 சொனாட்டாக்களையும் பதிந்துகொண்டிருந்தார். 22 முடிந்திருந்தது. 1977 ஜனவரி 26-ம் தேதி குடிபோதையில் ஒருவர் ஓட்டிய கார் மோதி இறந்தார். காரில் உடனிருந்த அவருடைய தாயும், உறவுக்காரப் பெண்ணும், அந்தப் பெண்ணின் கணவரும் இறந்தார்கள். அவருக்கு வயது 54. அவருடைய பழைய ஆசிரியர் ஃபிரீட்மன் சிட்னியில் இறந்ததும் ஒரு ஜனவரி 26-ல்தான், 1948-ல். அது ஆஸ்திரேலிய தினம். பதிவான 22 சொனாட்டாக்கள் இருக்கின்றன. மீதி பத்து இல்லை.